பெடல் வழுக்காமல் மலாக்கா வரை

பாயா ரும்புட் சந்திப்பிலிருந்து இரண்டரை மைல் உள்ளே இருக்கும் நம் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்குச் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதி மன்றத்துச் சுவரில் ஒட்டுகிறேன். நின்று படிப்பவர்களில் பாதிப்பேர் குனிந்து கணைக்காலைத் தடவிக்கொண்டே படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பெடல் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முட்டிக்குக் கீழே எலும்பில் ‘டங்’ என்று அடிக்குமே, அந்த அடியை வாங்காத கால் நம் லயத்து வீடுகளில் கிடையாது. பெடல் என்பது கால் வைப்பதற்கு. நம் தோட்டத்துப் பெடல்களோ காலை வாருவதற்கென்றே பிறந்தவை.

நானும் என் அக்கா சரோஜாவும் போனது போன மாதம் ஒரு திங்கட்கிழமை. அக்காவுக்கு வயது பதினெட்டு. மலாக்காவில் அத்தை வீட்டில் தங்கி இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவள். அத்தை குடும்பம் சிங்கப்பூருக்கு மாறிவிட்டதால் தோட்டத்துக்கே திரும்பி வந்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்தது. அன்று வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்பது கடைசி வரி. அக்கா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். இது கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே ரப்பர்ப் பால் வாளியைத் தூக்க வேண்டியதுதான். விடியற்காலைப் பிரட்டில் வேலைக்குக் கூப்பிடும் பேர்களோடு அவள் பேரையும் சேர்க்க, வேலை வாங்கும் மண்டோர் காத்துக்கொண்டிருந்தார்.

ஏன் சைக்கிள் என்று கேட்பீர்கள். தோட்டத்து ரோட்டுக்குப் பஸ் வருவது நின்று ஐந்து மாதமாகிறது. காட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கி இந்த அவசரகாலம் வந்ததிலிருந்து எதுவுமே அவசரமாக நடப்பதில்லை. தோட்டத்து லாரி திங்கட்கிழமைகளில் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு எதிர்த் திசையில் போகும். மிச்சம் இருந்தது அப்பாவின் கறுப்புச் சைக்கிள் ஒன்று. “பின்னால உக்காந்துக்க, நான் மிதிக்கிறேன்” என்றேன்.

“உன் பின்னாடி உக்காந்து வந்தா நான் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போமாட்டேன்லா, பேஷண்டாத்தான் போவேன்” என்றாள் அக்கா.

அதனால் தோட்டத்து மிட்வைஃப் ரோஸம்மா அக்காவிடம் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கினோம். நல்ல சைக்கிள், நல்ல மணி, நல்ல பிரேக். பெடலில் இருந்த ரப்பர் கட்டைகள் மட்டும் எந்தக் காலத்திலோ தேய்ந்து விழுந்துவிட்டன. இரண்டு இரும்புக் கம்பிகள் மிச்சம். நம் ஆட்கள் வெறுங்காலாலும் மரக்கட்டைச் செருப்பாலும் மிதித்து மிதித்துத் தேய்த்த அந்தக் கம்பியில் முகம் பார்க்கலாம். நான் பார்த்தேன். முகம் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை அக்கா கால்பந்துத் திடலைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். போட்டிருந்தது டெரொம்பா. மரமும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? மூன்றாவது சுற்றில் கால் நழுவியது. நல்ல வேளை, பெடல் பாவாடையில்தான் அடித்தது. அக்கா இறங்கி நின்று சைக்கிளை ஒரு பார்வை பார்த்தாள். “பதினாலு மைலு இப்படிப் போனா, மேட்ரன் முன்னாடி நொண்டிக்கிட்டுத்தான் நிப்பேன். நொண்டுற ஆளத் தாதியா எடுப்பாங்களா?”

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. நம்மைச் சுற்றி இருப்பது என்ன? ரப்பர். நமக்கு இல்லாதது என்ன? பெடலில் ரப்பர். இந்தக் கணக்கைப் போட ஏழாம் வகுப்புப் படிக்க வேண்டுமா? அப்பா வேலை செய்யும் ஸ்டோருக்கு ஓடினேன். ஸ்டோர் மண்டோரிடம் கேட்டதும், ஷீட் ஓரத்தில் வெட்டிப் போட்ட துண்டுகளில் இரண்டைக் கொடுத்தார். உருளையில் வைத்து இழுத்த ஷீட் ஆகையால் மேலே கோடு கோடாக இருந்தது. அந்தக் கோடுகளே பிடிப்புக் கொடுக்கும் என்று அவரும் சொன்னார். பெடலைச் சுற்றிக் கட்டி, கம்பி போட்டு முறுக்கினேன். அக்கா வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டு ஓட்டினாள். கால் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் லயத்துப் பையன்கள் வந்து வந்து மிதித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்கள். அன்று இரவு அம்மா, சூடு தணியட்டும் என்று எங்கள் இருவர் பாதத்திலும் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். இந்த எண்ணெயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்கு ஆறு மணிக்கு முடிகிறது. ஆறரைக்குத் தோட்டத்துக் கேட்டில் நின்றோம். காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டிச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுபோவதை இன்னும் யாரும் தடுக்கவில்லை. ஆகவே ஆளுக்கு ஆறு தோசை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. கேட்டில் காவலுக்கு இருந்தவர் நம் இரண்டாம் லயத்து மாரியண்ணன். பையைத் தடவிப் பார்த்தார். ஒரு சீப்பு, கடிதம், டிரஸ்ஸர் கொடுத்த பேண்டேஜ் சுருள் இரண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரோடு நின்று அக்கா மூன்று மாதம் கட்டுப்போடப் பழகியிருந்தாள். நேர்முகத்தில் கட்டச் சொன்னாலும் சொல்வார்கள் என்று எடுத்து வைத்திருந்தாள். மாரியண்ணன் பெடலையும் பார்த்தார், சிரித்தார், கேட்டைத் திறந்தார்.

பாயா ரும்புட் சந்திப்பு வரை இரண்டரை மைல் செம்மண் ரோடு. இரவு பெய்த மழையில் சேறு. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள், சேற்றுக் காலோடு இரும்பை மிதிப்பதால். அக்கா அழகாக ஓட்டினாள். நான்தான் அப்பாவின் சைக்கிளில் இரண்டு முறை நழுவினேன். செங் வழியாகப் போனால் தூரம் குறைவு, ஆனால் அந்த வாரம் அந்தப் பக்கம் ராணுவத் தேடுதல் நடந்ததால் ரோட்டை மூடியிருந்தார்கள். நாங்கள் புக்கிட் ரம்பாய் வழியாகக் கடற்கரை ரோட்டைப் பிடிக்க வேண்டியதாயிற்று. சந்திப்பிலிருந்து புக்கிட் ரம்பாய் மூன்று மைல். தார் ரோடு. வழியில் சீனர் கடையில் கோப்பி பத்துக் காசு.

கோப்பி குடித்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சைக்கிள் வெயிலில்தான் நின்றிருந்தது. ஏறி மிதித்த கொஞ்ச நேரத்தில் அக்கா, “டேய் சேகரு, கால் ரொம்ப நல்லா பிடிக்குதுடா” என்றாள்.

“நான் செஞ்சதுலா” என்றேன்.

இன்னும் கால் மைல் போனதும், “ரொம்பவே பிடிக்குதுடா” என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

கடையில் விற்கும் ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்திருப்பார்கள். நம் ஷீட் வேகாத ரப்பர். வெயிலில் இளகும், இளகினால் ஒட்டும். ஸ்டோரில் ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வெயில் படும்படி அடுக்கினால் என்ன ஆகும் என்று நம் லயத்துக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பெடலில் கட்டிய பிறகு அது ஷீட் என்பதே எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதுமட்டுமா? சீட்டு இல்லாமல் ஒரு துண்டு ரப்பரும் தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதும் நமக்குப் பால்குடிப் பாடம். கேட்டில் நின்ற மாரியண்ணனுக்கே அது தோன்றவில்லை.

புக்கிட் ரம்பாய் தாண்டியதும் ரோட்டுத் தடுப்பு. மணல் மூட்டை, முள்கம்பி, துப்பாக்கியோடு ஐந்தாறு பேர். கை காட்டினார்கள். நான் பிரேக் போட்டு இறங்கினேன். அக்காவும் பிரேக் போட்டாள். இறங்கத்தான் முடியவில்லை. இரண்டு காலும் பெடலோடு ஒட்டியிருக்க, சைக்கிளும் அவளும் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து மணல் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். கடைசி நொடியில் ஒரு காலை உருவிவிட்டாள். கால் வந்தது. ஷூ வரவில்லை. அது பெடல்மேல் தனியாக நின்றது, யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் ஓட்டுவதைப்போல.

மலாய்க்காரக் கார்ப்பரல் வந்து பெடலைக் குனிந்து பார்த்து, “அபா இனி?” என்றார். இது என்ன என்று கேட்கிறார். அப்பா இனி என்ன செய்ய முடியும், அவர் ஸ்டோரில் இருக்கிறாரே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. துப்பாக்கியைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கூட இருந்த தமிழ் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஷூவைப் பிடித்து இழுத்தார். அது இழுத்த அளவுக்கு நீண்டு வந்து, விட்டதும் திரும்பிப் போனது.

“ஏம்மா தங்கச்சி, இது தோட்டத்து ஷீட்டுதானே? சீட்டு இருக்கா?”

“இல்லண்ணே. பெடல் வழுக்காம இருக்கக் கட்டினது.”

“ஷீட்டக் கால்ல வச்சுக் கடத்துற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“கடத்துறதா இருந்தா ஒட்டாததா பாத்துக் கடத்த மாட்டோமாண்ணே?” என்றேன். அக்கா என் காலை மிதித்தாள். ஷூ இல்லாத காலால் மிதித்ததால் வலிக்கவில்லை.

அக்கா கடிதத்தை எடுத்துக் கார்ப்பரலிடம் நீட்டினாள். பத்து மணிக்குப் போக வேண்டும், போகாவிட்டால் இனி ஒருபோதும் இல்லை என்று மலாயில் சொன்னாள். அவர் அதை மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றார். மேலதிகாரி ஜீப்பில் எங்கேயோ போயிருந்தார். காத்திருந்தோம். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை என்ற வரியை அக்காவின் உதடு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டேமுக்காலுக்கு ஜீப் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி கடிதத்தையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன், மீசை ஆடியது. ரப்பரை எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிடச் சொன்னார். கான்ஸ்டபிள் கத்தியால் சுரண்டி எடுத்தார். அடியில் ஒட்டிய பசையோடு ஷூவைக் கொடுத்தார்.

பெடல் பழையபடி இரும்புக் கம்பியானது. ஷூ நடக்கும் இடமெல்லாம் சருகைப் பொறுக்கிக்கொண்டு வந்தது. அக்கா ஷூவைக் கழற்றிக் கேரியரில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாக மிதித்தாள். தஞ்சோங் கிளிங்கில் கடற்கரை ரோட்டைப் பிடித்தோம், இரண்டு மைல். அங்கிருந்து கிளேபாங் இரண்டரை மைல். எதிர்காற்று வேறு. கிளேபாங் கம்பத்து மலாய் வீடுகளுக்கு நடுவே நுழையும்போது வியர்வையும் அம்மாவின் நல்லெண்ணெயும் சேர்ந்து வேலையைக் காட்டின. பாதம் முன்னால் வழுக்கியது. பெடல் சுற்றி வந்தது. ‘டங்.’ சத்தம் எனக்கே கேட்டது.

அக்கா ரோட்டோரம் உட்கார்ந்தாள். கணைக்காலில் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்து ரத்தம் கொட்டியது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கு அது அபூர்வம். “அக்கா, திரும்பிடலாமா?” என்றேன்.

“யாருடா திரும்புறா? தண்ணி கேட்டு வாங்கிட்டு வா.”

பக்கத்து வீட்டு மாக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா, வாளியோடு வந்தார். அக்கா காயத்தைக் கழுவி, துணியை மடித்து வைத்து, பேண்டேஜ் சுருளைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தாள். கணுக்காலில் தொடங்கி, குறுக்கே ஏறி, பின்னால் சுற்றி, குறுக்கே இறங்கி, எட்டு எட்டாக. நேராகச் சுற்றினால் மிதிக்க மிதிக்கக் கட்டுக் கீழே நழுவும், எட்டுப் போட்டால் ஒரு சுற்று இன்னொரு சுற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அந்த வலியிலும் எனக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அந்த வீட்டு வேலியில் காய்ந்த வலையைப் பார்த்தாள்.

“மாக்சிக், பழைய தாலி கொஞ்சம் கிடைக்குமா?” என்று மலாயில் கேட்டாள். தாலி என்றால் அவர்கள் மொழியில் கயிறு. மாக்சிக் படகில் கட்டிப் பழசான தேங்காய்நார்க் கயிறு ஒரு கொத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். அக்கா பெடலின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே, காலில் போட்ட அதே எட்டை அதே வரிசையில் போட்டாள். நான் இழுத்துப் பிடிக்க, அவள் சுற்றினாள். நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகினாள். நான் ஷூவின் அடியைக் கடற்கரை மணலில் நன்றாகத் தேய்த்தேன். மணல் ஒட்டியதும் பசை செத்துவிட்டது. ஷூ போட்டு மிதித்தாள். நார் அடியைக் கவ்வியது, தூக்கினால் விட்டது. ஒரு பெடலுக்கு வேண்டியது அவ்வளவுதான். நம் தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாமல் இத்தனை கணைக்கால் போயிருக்கிறது.

கிளேபாங்கிலிருந்து டவுன் மூன்று மைல், டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக் குன்று ஒரு மைல். குன்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். வாசலில் இருந்த பியூன், “பேரு கூப்பிட்டு முடிஞ்சாச்சும்மா” என்றார்.

“கடைசி ஆளு வெளிய வந்தாச்சாண்ணே?”

“இல்ல, உள்ள இருக்கு.”

“அப்ப முடியலல்ல. நான் உக்காந்திருக்கேன்” என்று சொல்லி, கட்டுப்போட்ட காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் அந்தக் காலைப் பார்த்தார், கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் சைக்கிள் கொட்டகையில் போய் நின்றேன். சைக்கிளைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு ஐந்து காசு, இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து.

நெடுநேரம் கழித்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொட்டகையை நோக்கி விறுவிறு என்று நடந்து வந்தார். பின்னால் அக்கா, லேசாக நொண்டிக்கொண்டு. நான் எந்தத் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அவர்தான் மேட்ரன். நேராக லேடீஸ் சைக்கிளுக்குப் போய், குனிந்து கயிற்றைப் பார்த்தார். விரலால் நெம்பிப் பார்த்தார். தன் வெள்ளை ஷூவை அதன்மேல் வைத்து அழுத்தி, முன்னும் பின்னும் தேய்த்தார். நழுவவில்லை. இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

“என்னக்கா சொன்னாங்க?”

“என் கால் கட்டப் பாத்துட்டு யாரு போட்டதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன். எங்க வச்சுன்னாங்க. ரோட்டுல வச்சுன்னேன். நம்பல. அவுத்து மறுபடி கட்டச் சொன்னாங்க, கட்டினேன். சைக்கிள்லயும் இதே கட்டுத்தான்னு சொன்னேன், அதையும் பாக்கணும்னு வந்துட்டாங்க.”

“பாத்துட்டு?”

அக்கா முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஒண்ணாந் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்கடா.”

திரும்பும்போது தஞ்சோங் கிளிங்கில் பெருமழை பிடித்தது. நனைந்த கயிறு உப்பி இன்னும் இறுக்கமாகப் பிடித்தது. ரோட்டுத் தடுப்பில் அதே கான்ஸ்டபிள் பெடலைப் பார்த்துவிட்டு, “இன்னைக்குக் கயிறு கடத்தலா?” என்றார். ஊரடங்குக்கு அரை மணி முன்னால் கேட்டுக்குள் வந்துவிட்டோம்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கயிறு தேங்காய்நாராக இருக்கட்டும், சுண்டுவிரல் பருமன் போதும், ஒரு பெடலுக்கு மூன்று முழம். எட்டுப் போட்டுச் சுற்றி நுனியைச் சங்கிலிப் பக்கம் வராமல் அடியில் செருகுங்கள். நடுப்பாதத்தால் மிதிக்காதீர்கள். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் தசைமேடு பெடலுக்கு நடுவில் இருக்கட்டும், அங்கேதான் பிடிப்பு. எட்டி எட்டி மிதிக்கிற உயரத்தில் சீட்டு இருந்தால் கால் தானாகவே வழுக்கும், ஒரு விரற்கடை இறக்குங்கள். இறக்கத்தில் இரண்டு பெடலையும் சமமாக வைத்துச் சும்மா உருளுங்கள். கால் நழுவிவிட்டால் சுற்றுகிற பெடலைக் காலால் பிடிக்கப் போகாதீர்கள், காலை அகட்டிவிட்டுப் பிரேக் போடுங்கள். டெரொம்பா வேண்டாம். ஷீட் வேண்டவே வேண்டாம். அம்மாமார்கள் எண்ணெய் தேய்ப்பதைத் தடுக்க முடியாது, புறப்படும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், அவர்கள் பார்க்காத இடத்தில்.

நம் லயத்தில் இப்போது பதினொரு சைக்கிளுக்குக் கயிறு கட்டியாயிற்று. கட்டியது நான், எட்டுப் போடும் வித்தை அக்காவுடையது. ஒன்றாந் தேதி அவளை ஆஸ்பத்திரி வாசலில் விட்டு, மாதம் ஒரு முறை சைக்கிளில் வந்து பார்க்கிறேன் என்றேன். உள்ளே இரண்டடி போனவள் திரும்பி நின்றாள்.

“பாக்க வர்றவங்களுக்கு நாலு மணிக்குத்தான் கதவு தெறப்பாங்க. அடிபட்டு வர்றவனுக்கு எந்நேரமும் தெறந்திருக்கும். நீ நாலு மணிக்கே வாடா.”